'மறுபடியும் விழுந்துவிட்டேன் பாஸ்டர்' என்று வருகிறவர்களுக்கு

"பாஸ்டர், நான் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டவன்தானா?" ஆலோசனைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர்கள் நேற்று விசுவாசத்துக்கு வந்தவர்களும் இல்லை. ஞானஸ்நானம் எடுத்துப் பத்துப் பதினைந்து வருஷம் ஆனவர்கள், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்கள், பாடகர் குழுவில் நிற்கிறவர்கள். அதே கோபம், அதே இச்சை, அதே பொய் திரும்பத் திரும்ப வருகிறதே, அப்படியானால் எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லையா என்கிற பயம் அவர்களைத் தின்றுகொண்டிருக்கும்.

ஒருவர் ஒரு நோட்டோடு வந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பக்கம் பக்கமாகத் தேதி போட்டு, வீட்டில் கத்திய நாளிலெல்லாம் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்திருந்தார். நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கவில்லை. அடுத்த முறை மனைவியையும் அழைத்து வரச் சொன்னேன். "இவரிடம் ஏதாவது மாற்றம் தெரியுதாம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்கள். "கோபம் இன்னும் வருது பாஸ்டர். ஆனா முன்னாடியெல்லாம் கோபிச்சா மூணு நாள் பேச மாட்டார். இப்போ அன்னைக்கு ராத்திரியே வந்து, தப்பு என்னோடதுதான்னு சொல்லிடுறார்." அவர் தலைகுனிந்து அழுதார். விழுந்த கணக்கு முழுவதும் அந்த நோட்டில் இருந்தது, எழுந்த கணக்கு ஓரிடத்திலும் இல்லை.

இரண்டு காரியங்களை நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நீதிமானாக்கப்படுவது ஒரே தரம், கிறிஸ்துவின் நிமித்தம் தேவன் தருகிற தீர்ப்பு. அது நம் இந்த வார நடத்தையைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. பரிசுத்தமாகுதல் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஆயுசு முழுக்க நடக்கிற வேலை. கொரிந்து சபையைப் பாருங்கள்: கட்சி பிரிந்து சண்டை, சகோதரன்மேல் சகோதரன் வழக்கு, கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருக்கிறான். அவர்களைத்தான் அப்போஸ்தலன் பவுல் அவர்களுக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்திலேயே 'கிறிஸ்து இயேசுவுக்குள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள்' என்று அழைக்கிறார், அப்புறம்தான் ஒவ்வொரு பாவத்தையும் பேர் சொல்லிக் கண்டிக்கிறார். அந்த வரிசையை நான் விடவே மாட்டேன். தேவன் தனக்கென்று பிரித்தெடுத்துவிட்டார் என்று நம்புகிறவனால்தான் கண்டிப்பைத் தாங்கவும் முடியும். இத்தனை ஊழியம் செய்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போதுகூட 'பாவிகளில் பிரதான பாவி நான்' என்கிறார், இருந்தேன் என்று சொல்லவில்லை. வெளிச்சத்துக்குக் கிட்டப் போகப் போக அழுக்கு அதிகமாகத் தெரியும். ஆகவே முன்பு உறுத்தாத ஒன்று இப்போது உறுத்துகிறது என்றால் பயப்படாதீர்கள், அது வளர்ச்சிதான்.

இம்மையிலேயே பூரணம் அடையலாமா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அன்பில் பூரணப்படலாம் என்று போதித்தார், 1647-இல் எழுதி முடிக்கப்பட்ட, பிரஸ்பிட்டேரியன் சபைகள் போதனைக்குப் பயன்படுத்தும் வெஸ்ட்மின்ஸ்டர் சுருக்க வினாவிடையோ, தேவ கற்பனைகளை முழுமையாகக் கைக்கொள்ள இம்மையில் வெறும் மனிதனால் ஆகாது என்கிறது. ஆனால் வளராமல் நின்றுவிடலாம் என்று இருவருமே சொல்லவில்லை.

"கிருபை இருக்கே பாஸ்டர்" என்று சாவகாசமாக உட்கார்ந்துவிட்டவர்களும் வருகிறார்கள், அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பிலிப்பியர் 2:12, 13-ஐச் சேர்த்தே வாசிக்க வேண்டும். பிரயாசப்படுங்கள் என்று சொன்ன கையோடு, விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார் பவுல். எபேசியர் 4:28-இல் திருடினவனிடம் திருடாதே என்பதோடு அவர் விடவில்லை. கையால் வேலை செய், இல்லாதவனுக்குக் கொடு என்கிறார். எடுத்துப் பழகின கை கொடுத்துப் பழக வேண்டும். இரவில் தனியாக போனோடு படுத்து விழுகிறவர், இனி பார்க்க மாட்டேன் என்று நூறு பொருத்தனை செய்வதைவிட போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குவதும், வாய் காக்கத் தெரிந்த ஒரே ஒருவரிடம் மனம் திறந்து அறிக்கையிடுவதும் மேல். யாக்கோபு 5:16 சொல்கிற சொஸ்தம் அப்படித்தான் வருகிறது. சக போதகர்களுக்கும் ஒரு வார்த்தை, ஆலோசனை அறையில் கேட்டதைப் பிரசங்கத்தில் உதாரணமாக எடுக்காதீர்கள். ஒரே ஒரு தரம் அப்படி நடந்துவிட்டாலும் அந்தச் சபையில் அப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இன்னும் இரண்டை அவசியம் சொல்ல வேண்டும். கோபம் அடியாக மாறிவிட்ட வீட்டில், "பொறுமையாக ஜெபம் பண்ணும்மா, அவர் மாறுவார்" என்று சொல்வது ஆலோசனை ஆகாது. அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும், தேவைப்பட்டால் காவல்துறையிடமும் போகட்டும். அவருடைய மனந்திரும்புதலைப் பிறகு தனியாகப் பார்க்கலாம்.

மற்றது, ஒரே பாவத்தை நாளைக்கு இருபது முப்பது முறை அறிக்கையிட்டும் மனம் ஆறாமல், ஜெபத்தில் ஒரு வார்த்தை தவறிவிட்டதோ என்று முதலிலிருந்து திரும்ப ஆரம்பிக்கிறவர்கள். அது விசுவாசக் குறைவு என்று சொல்லி இன்னும் ஜெபிக்கச் சொன்னால் கட்டு இறுகத்தான் செய்யும். எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) பக்தியின் உருவத்திலும் வரும், அதற்குச் சிகிச்சை உண்டு. அப்படிப்பட்டவர்களை நான் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறேன், சில வேளை கூடவே போய் வெளியே காத்திருக்கிறேன்.

அந்த நோட்டுக்காரர் இப்போதும் மாதம் ஒரு தரம் வருகிறார். நோட்டைக் கொண்டுவருவதில்லை. நான் முதலில் கேட்பது, "வீட்டில் என்ன சொல்றாங்க?" என்றுதான்.