இஸ்மென்: அனுபோகம் அல்ல, வசதியுரிமை

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து வழி ஒன்றைப் புதிய நில உரிமையாளர் வேலி போட்டு அடைத்துவிட்டால், “எங்கள் தாத்தா காலத்திலிருந்து நடக்கிற சடக்கு, எங்களுக்கு அனுபோக பாத்தியம் இருக்கிறது” என்றுதான் பெரியவர்கள் வாதாடுவார்கள். சடக்கு என்றால் பாதை; அனுபோக பாத்தியம் என்றால் நெடுநாள் பயன்படுத்திவந்ததால் வரும் உரிமை. நில அலுவலகத்திலோ வேறொன்றைக் கேட்பார்கள்: “இஸ்மென் பதிவாகியிருக்கிறதா?” இரண்டும் ஒன்றுதான் என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஒன்றல்ல.

இஸ்மென் என்பது ஈஸ்மெண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் மலாய் வடிவம். ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே ‘ஏஸ்’ என்றால் சௌகரியம். ஒரு நிலத்தைச் சரியாகப் பயன்படுத்துவதற்காக இன்னொருவர் நிலத்தின்மேல் இருக்கும் உரிமை என்று சட்டத்தில் பொருள் கொண்டது. பக்கத்து நிலத்தின் வழியாக நடப்பது, வண்டி ஓட்டிப் போவது, வடிகால் வெட்டுவது, குழாய் பதிப்பது எல்லாம் இதில் அடங்கும். இதைச் செய்யக்கூடாது என்று பக்கத்து நிலத்துக்காரரைத் தடுக்கும் உரிமையும் அடங்கும். அந்த நிலத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதும், அதைத் தனக்கே என்று பிடித்து வைத்துக்கொள்வதும் அடங்கா.

பாத்தியம் நம் முன்னோர் கப்பலில் வரும்போதே கொண்டுவந்த சொல். ‘கட்டுப்பட்டது’ என்னும் பொருளுடைய ‘பாத்ய’ என்ற வடசொல்லிலிருந்து வந்து, தமிழில் உரிமை என்று பொருள் மாறி நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டுக் கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் வழிநடை பாத்தியம் உள்பட’ என்று எழுதுவார்கள். மாமூல் அரபுச் சொல். வழக்கமாக நடந்துவருவது என்று பொருள். அந்த எழுத்துக்குப் பின்னால் இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சட்டம் நிற்கிறது. யாரும் தடுக்காமல், ஒளிவுமறைவின்றி, உரிமையோடு ஒரு வழியை 20 ஆண்டுகள் பயன்படுத்தினால் அந்த வழி பாத்தியமாகவே ஆகிவிடலாம் என்கிறது அது. அனுபோகம் உரிமையாக முற்றும் என்ற நம்பிக்கை நம் பேச்சில் ஊறியது இப்படித்தான்.

தீபகற்ப மலேசியாவில் அது செல்லாது. 1966 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தேசிய நிலச் சட்டத்தின் 17ஆம் பகுதி இஸ்மெனைப் பற்றியது. ஒரு நிலத்தின் உரிமையாளர் இன்னொரு நிலத்தின் உரிமையாளருக்கு எழுதிக் கொடுத்து, அது பதிவானால்தான் இஸ்மென். நெடுங்காலம் நடந்தோம் என்பதால் மட்டும் அது பிறக்காது. 20 ஆண்டானாலும் சரி, 80 ஆண்டானாலும் சரி. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறைதான் இந்த நாட்டு நிலப் பதிவுக்கும் அடிப்படை. பதிவேட்டில் இருப்பதுதான் உரிமை. வாங்குகிறவர் ஊர் நினைவை விசாரிக்க வேண்டியதில்லை.

ஆகவே இஸ்மெனை ‘அனுபோக உரிமை’ என்று மொழிபெயர்ப்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். இங்குள்ள சட்டம் எதை ஏற்க மறுக்கிறதோ அதையே அந்தச் சொல் வாக்களிக்கிறது. அதை நம்பி எழுத்து வாங்காமல் இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுச் சட்ட வழக்கில் உள்ள ‘வசதியுரிமை’ பொருத்தமானது. மூலச் சொல்லின் சௌகரியமும் அதில் இருக்கிறது. தனித்தமிழ் வேண்டுவோர் ‘ஏந்துரிமை’ எனலாம். ஏந்து என்றால் வசதி. பாதை மட்டும் என்றால் ‘வழியுரிமை’ போதும், எல்லாருக்கும் புரியும்.

இனி இஸ்மென் பதிவைத் தேடும் இடம். கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள், வழக்கு வந்தால்தான் கோர்ட். பதிவேடு இருப்பது நிலப் பதிவகத்தில். சுங்கை சிப்புட் நிலம் என்றால், கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், ‘கெரான் முக்கிம்’ வகையாக இருந்தால் கோலகங்சார் மாவட்ட நில அலுவலகம். ‘கெரான்’ வகையாக இருந்தால் ஈப்போவில் உள்ள மாநில நில, கனிம இயக்குநர் அலுவலகம். லாட் எண்ணும் (நிலத்தின் எண்) முக்கிமும் (மாவட்டத்தின் உட்பிரிவு) கொடுத்து ‘சாரியான் ரஸ்மி’ கேளுங்கள். அதிகாரபூர்வத் தேடல் என்று அதற்குப் பொருள். வரும் தாளில் உரிமையாளர் பெயரோடு நின்றுவிடாமல், பொறுப்புகளும் குறிப்புகளும் உள்ள பகுதியைப் படியுங்கள். வங்கிக் கடன் போலவே இஸ்மெனும் அங்கேதான் ஏறும். வழி போகும் நிலம், வழி வேண்டும் நிலம் இரண்டுக்கும் தாள் எடுப்பது நல்லது. நில அளவை வரைபடத்தில் சடக்கு கோடாகத் தெரிந்தால் அது உரிமைக்குச் சான்றாகாது. தோட்டம் முழுவதும் ஒரே முதலாளி கையில் இருந்தவரை எந்தச் சடக்குக்கும் தனி எழுத்து தேவைப்படவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு ஆளுக்கொரு துண்டாக விற்கப்பட்டபோது கோடு வரைபடத்தில் நின்றது. எழுத்து மட்டும் பல இடங்களில் எழுதப்படவே இல்லை.

கோவிலுக்கு இதைவிடப் பெரிய சிக்கல். நில உரிமையாளருக்கு நில உரிமையாளர் கொடுப்பது இஸ்மென். தன் பெயரில் நிலமே இல்லாத தோட்டத்துக் கோவிலுக்கு, பக்கத்து நிலத்துக்காரர் மனமுவந்து சம்மதித்தாலும் இஸ்மென் எழுத வழியில்லை. கோவில் கட்டடம் நிற்கும் இடத்தையும் இஸ்மெனாகக் கேட்க முடியாது, அது இடத்தையே வைத்துக்கொள்வதாகிவிடும். முதலில் மனைக்குக் கிராண்ட், பிறகு வழி என்ற வரிசையில்தான் நிர்வாகக் குழு போக வேண்டும்.

நிலத்துக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் சட்டத்தின் 28ஆம் பகுதி இருக்கிறது. பொதுச் சாலை, ஆறு, கடற்கரை, ரயில் நிலையம் ஆகியவற்றை அடைய வழியில்லாத நிலத்துக்காக, நில நிர்வாகியே பிறர் நிலத்தின் ஊடே வழியுரிமை ஏற்படுத்தலாம். பொதுமக்கள் அனைவருக்குமான வழியாகவும் அதை அறிவிக்கலாம். மலாயில் இதற்குப் பெயர் ‘ஹாக் லாலு-லாலாங்’. இது இஸ்மென் அல்ல. மனுவில் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.