வெள்ளையாக இருப்பதெல்லாம் அரபுக் குதிரை இல்லை

போன சனிக்கிழமை இரவு 11 மணிக்கு வத்தளையிலிருந்து அழைப்பு. "டொக்டர், குதிரை விழுந்து உருளுது, வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்குது." போய்ப் பார்த்தால், கார் விடும் இடத்தில் சீமெந்துத் தரையில் ஒரு வெள்ளைக் குதிரை. வாங்கிப் பத்து நாள். புல் கிடைக்கவில்லை என்று பாணும் சோறும் தவிடும் போட்டிருக்கிறார்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். விடியும்வரை போராடிக் காப்பாற்றினோம். இந்த வருடம் எனக்கு இது நான்காவது.

விற்றவர் சொன்னது, "சுத்த அரபு, ஏழு வயது." வாயைத் திறந்தேன். மேல்வரிசை முன்பற்களில் ஓரத்துப் பல்லில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். ஏறக்குறைய 10 வயதில் ஈறோரம் தெரியத் தொடங்கி, 15இல் பாதிப் பல்லுக்கு இறங்கி, 20இல் நுனியைத் தொடும். இதற்குப் பாதியைத் தாண்டிவிட்டது. வாலைத் தூக்கினால் அடியில் கறுத்த கட்டிகள்.

வெள்ளை என்றால் அரபு என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அரபுக் குதிரையில் செம்பழுப்பு உண்டு, கருப்பும் உண்டு. நாம் வெள்ளை என்று சொல்லும் குதிரைகள் பெரும்பாலும் கருமையாகவோ பழுப்பாகவோ பிறந்து, வருடம் போகப் போக வெளுத்தவை. அதாவது, பால்போல வெளுத்திருக்கிறது என்று நீங்கள் கூடுதல் காசு கொடுப்பது பல நேரம் அதன் வயதுக்கு. வாலடியில் அந்தக் கட்டிகள் வருவதும் இப்படி வெளுத்த கிழட்டுக் குதிரைகளில்தான் அதிகம். மார்வாரி என்ற இந்தியக் குதிரை இனம் என்று சொல்லி விற்றால் காதைப் பாருங்கள், நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று நோக்கும். பந்தயத்தில் ஓடிய தரபிரெட் இனம் என்றால் குதிரையின் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். அதில் சுழிகள் வரைந்திருக்கும், குதிரையோடு ஒப்பிடலாம். சுழி பார்ப்பதில் எனக்குத் தெரிந்த ஒரே பயன் அதுதான். ராசி பார்க்க அல்ல.

கடைசியில், நான் பார்க்கும் உள்ளூர்க் குதிரைகள் பெரும்பாலும் கலப்பினம். அது குறையே இல்லை. நல்ல குளம்புள்ள கலப்பினம், நொண்டும் அரபைவிட எவ்வளவோ மேல்.

பேஸ்புக்கில் படம் பார்த்து முற்பணம் அனுப்பாதீர்கள். ஒரு வார இடைவெளி விட்டு இரண்டு தடவை போங்கள், இரண்டாம் முறை சொல்லாமல் போங்கள். வலிமருந்து நொண்டலைச் சில நாள்தான் மறைக்கும். கெட்டித் தரையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், சின்ன வட்டத்தில் இரு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். தலை தொங்கி, கீழுதடு தளர்ந்து நிற்கும் குதிரையை "சாது" என்று நம்பாதீர்கள், மயக்க ஊசி போட்டிருக்கலாம். நான்கு குளம்பையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் திரும்பி வாருங்கள்.

சித்திரைப் பந்தயம் முடிந்ததும் நுவரெலியாவிலிருந்து மலிவாக ஒன்று கிடைக்கிறது என்பார்கள். அந்தக் குளிரில் இருந்ததைக் கொழும்புப் புழுக்கத்தில் இறக்கினால், சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். மூச்சு வாங்கும், தோல் காய்ந்து கிடக்கும். அதையும் "நல்லா ஓடிக் களைச்சுப் போச்சு" என்று சவாரிக்கு விடுகிறவர்களைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் கணக்குப் பாருங்கள். 400 கிலோக் குதிரைக்கு நாளுக்கு 6 முதல் 8 கிலோ காய்ந்த புல், பச்சையாகக் கொடுத்தால் அதைப் போலப் பல மடங்கு. தண்ணீர் 30 லீற்றருக்குக் குறையாமல், வெயிலில் இன்னும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்ட ஆள். ஏற்புவலி ஊசி. இதில் ஒன்றுக்கு வழியில்லை என்றாலும் பிள்ளைக்கு நுவரெலியாவில் ஒரு சவாரி கூட்டிப் போங்கள், போதும்.

தயவுசெய்து, லொறியில் ஏற்றுவதற்கு முன் ஒரு கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். அழைப்பு ஞாயிறு காலை வந்தாலும் பரவாயில்லை, நான் வருகிறேன்.