சுண்ணாம்பு பட்ட கண்ணில் எலுமிச்சையைப் பிழியாதீர்கள்

வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அமுக்கி விளையாடும். அது வெடித்துக் கண்ணில் பீய்ச்சியடிக்கும். கண் மருத்துவர்களுக்கு இது புதிதில்லை. கோபம் வருவது, அடுத்த பத்து நிமிடம் வீட்டில் நடப்பதைக் கேட்டால்தான்.

"சுண்ணாம்பு காரம்தானே, எலுமிச்சை விட்டால் சரியாகிவிடும்" என்று பத்தாம் வகுப்பு வேதியியலைக் கண்ணுக்குள் கொண்டுவருகிறார்கள். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் வரும், சரிதான். ஆனால் ஆய்வகத்தில் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பினாப்தலின் என்ற நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு மறையும் சொட்டோடு நிறுத்துவோம். கண்ணுக்குள் எத்தனை மில்லிகிராம் போயிற்று என்று யார் அளந்தது? அளவு மிஞ்சினால் பிஎச் 2 உள்ள எலுமிச்சைச் சாறு தன் பங்குக்குப் புண்ணாக்கும் (பிஎச் என்பது அமில-கார அளவுகோல்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்). நடுநிலையாக்கலில் வெப்பமும் வெளிப்படும். அதைவிட முக்கியம், சுண்ணாம்பு நீரில் கொஞ்சம்தான் கரையும். இமைக்கடியில் ஒட்டிய துணுக்கு, கரைந்தது தீரத் தீர மேலும் கரைந்துகொண்டே இருக்கும்.

வெற்றிலையோடு தின்பதுதானே என்பார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் சுமார் 12.4. கண்ணீரின் பிஎச் 7.4 என்று வைத்தால் இடைவெளி 5. பிஎச் ஒவ்வோர் எண் ஏறும்போதும் பத்து மடங்கு; அதாவது காரத்தன்மை தரும் ஹைட்ராக்சைடு ஒரு லட்சம் மடங்கு. அமிலம் பெரும்பாலும் மேலுள்ள புரதத்தை உறையவைத்து, தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். காரமோ செல்சவ்வின் கொழுப்பைச் சோப்பாக்கி உள்ளே இறங்கும். மிளகாய்க்கும் காரம், இதற்கும் காரம் என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அதுவே ஒரு வினை.

தண்ணீர். குழாய்த் தண்ணீரே போதும், உடனே. பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் விரித்து, கடிகாரம் பார்த்து அரை மணி நேரம் ஊற்றுங்கள். வெள்ளைத் துணுக்கு தெரிந்தால் ஈரப் பஞ்சுக் குச்சியால் எடுங்கள், தேய்க்காதீர்கள். சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்குமே என்று பயப்படுவது சுட்ட சுண்ணாம்புக்கு. பாக்கெட்டில் இருப்பது ஏற்கெனவே தண்ணீர் விட்டு நீற்றியது. நெய், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். பிறகு ஆஸ்பத்திரி, வழியிலும் ஊற்றிக்கொண்டே.

இளம் மருத்துவர்களுக்கு: பார்வைப் பரிசோதனையும் முகவரியும் அப்புறம். மேலிமையை இரண்டு மடிப்பாகப் புரட்டிப் பாருங்கள். கழுவி முடித்து ஐந்து பத்து நிமிடம் விட்டு பிஎச் தாளை வையுங்கள். துணுக்கு மிச்சமிருந்தால் மறுபடி ஏறும்.

கண் சிவக்காமல் வெளுத்திருக்கிறதே என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். கருவிழி ஓரத்து ரத்தக்குழாய்கள் அடைபட்டாலும் அப்படித்தான் வெளுக்கும்.

வெற்றிலை போடும் தாத்தா பாட்டிகளே, கெஞ்சிக் கேட்கிறேன்: வாங்கியதும் சுண்ணாம்பை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி உயரத்தில் வையுங்கள். காலிப் பாக்கெட்டையும் தெருவில் வீசாதீர்கள்; அதில் ஒட்டியிருப்பதே ஒரு கண்ணுக்குப் போதும்.