யூசர் ஸ்டோரி – பயனர் கூற்று

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ மென்பொருள் வேலைக்குச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் முதல் வாரமே கேட்கும் சொல் 'ஸ்டோரி'. "இந்த ஸ்டோரிய யாரு எடுக்கறீங்க?", "அந்த ஸ்டோரி அடுத்த ஸ்பிரின்ட்டுக்குப் போயிடுச்சு" என்பார்கள். ஸ்பிரின்ட் என்பது குழு தன் வேலையைப் பிரித்துக்கொள்ளும் குறுகிய காலச் சுற்று.

மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு வேண்டியதை, அவரே சொல்வதுபோல ஓரிரு வரியில் எழுதிவைப்பதுதான் யூசர் ஸ்டோரி. யார், என்ன, எதற்கு என மூன்று உறுப்புகள் அதற்கு உண்டு. ஆங்கிலத்தில் 'ஆஸ் எ… ஐ வான்ட்… ஸோ தட்…' என்று அமையும். மெட்ரோ டிக்கெட் செயலிக்கு ஒன்று எழுதினால்: 'தினமும் வேலைக்குப் போகும் பயணி நான், கவுன்டர் வரிசையில் நிற்காமல் உள்ளே போக, மொபைலிலேயே டிக்கெட் வேண்டும்.'

இதற்குக் கீழே ஏற்பு நிபந்தனைகள், அதாவது எவையெல்லாம் சரியாக நடந்தால் வேலை முடிந்ததாக ஏற்கலாம் என்பவை, வர வேண்டும். பணம் போய் டிக்கெட் வராவிட்டால் என்ன செய்வது? நெட் கிடைக்காத இடத்தில் க்யூஆர் திறக்குமா? ஒரே க்யூஆரை இருவர் காட்டினால் கேட் எப்படி நடந்துகொள்ளும்? இவற்றை முதலிலேயே எழுதாமல் விட்டால், ஸ்பிரின்ட்டின் கடைசி நாளில் டெஸ்டருக்கும் டெவலப்பருக்கும் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

1990களில் அமெரிக்காவில் கென்ட் பெக் உருவாக்கிய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்னும் மென்பொருள் உருவாக்க முறையில் பிறந்த வழக்கு இது. தடித்த தேவை ஆவணங்களுக்குப் பதில், ஸ்டோரிகளை எழுதிய சிறு அட்டைகள். 2001இல் அதே முறையின் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் இதன் கூறுகளை அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் என்று வகுத்தார். மேலே சொன்ன மூன்று உறுப்பு வாய்பாடு லண்டனின் கனெக்ஸ்ட்ரா நிறுவனக் குழுவிடமிருந்து வந்தது. 'ஸ்டோரி' என்ற சொல்லோ, விசாரித்து அறிதல் என்னும் பொருளுள்ள 'ஹிஸ்டோரியா' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அந்த விசாரிப்பு நடக்காத அட்டை வெறும் காகிதம்.

அதிகம் கெடுவது 'ஸோ தட்' பகுதிதான். ஆங்கிலத்தில் அது கடைசியில் வருவதால், எழுதுகிறவர் களைத்துப்போய், கேட்டதையே திருப்பி எழுதிவிடுகிறார்: 'டிக்கெட் எடுக்க வேண்டும், டிக்கெட் எடுப்பதற்காக.' தமிழில் 'எதற்கு' என்பது வினைக்கு முன்னால் இயல்பாக வந்து உட்காரும். அதனால் முதலில் தமிழில் சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். காரணம் தானே தெளிவாகும். காரணமே இல்லையென்றால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

நேர் பெயர்ப்பாகப் 'பயனர் கதை' என்று எழுதுகிறார்கள். ஈழத் தமிழில் 'கதைத்தல்' என்றால் பேசுதல். அந்தப் பொருளில் இது அழகாகப் பொருந்தும். ஆனால் இங்கே 'கதை விடாதே' என்பதுதான் முதலில் காதில் விழும். 'பயனர் தேவை' என்றால் பேசுகிற ஆள் காணாமல் போகிறார்.

'பயனர் கூற்று' என்பதே சரியான சொல் என்று சொல்வோம். அகப்பாடல்களைத் தலைவி கூற்று, தோழி கூற்று என்று பிரித்துப் படித்த மரபு நமக்கு உண்டு: பேசுபவர் யார், யாரிடம், எந்தச் சூழலில் என்று தெரிந்தால்தான் பாட்டு விளங்கும். அட்டைக்கும் இதே தேவை. 'ஆஸ் எ யூசர்' என்று தொடங்கும் அட்டைகள் யாரையும் குறிப்பதில்லை. பயணி கூற்று, நிலைய ஊழியர் கூற்று, கணக்குப் பிரிவு கூற்று என்று தலைப்பிட்டுப் பாருங்கள். ஒரே டிக்கெட்டுக்கு மூவரும் மூன்று வேறு நிபந்தனைகள் சொல்வார்கள்.