எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால், எடை குறைந்தால்: சென்னையில் யாரிடம் போவது?

தண்ணீர் பாட்டிலுக்கோ பால் பாக்கெட்டுக்கோ 'கூலிங் சார்ஜ்' என்று ஒன்றிரண்டு ரூபாய் சேர்த்து வாங்குவது சென்னைப் பெட்டிக்கடைகளில் பழகிப்போன வழக்கம். அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பொட்டலத்தின் மேல் அச்சிட்ட எம்.ஆர்.பி., அதாவது அதிகபட்ச சில்லறை விலைக்குள் எல்லா வரியும் அடக்கம். குளிரூட்டிய செலவு, கரண்ட் பில், சில்லறை இல்லை என்ற சாக்கு, எதைச் சொல்லியும் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. குறைத்து விற்கத் தடையில்லை; அது உச்ச விலைதான்.

இந்த முறை வந்ததற்கே ஒரு காரணம் உண்டு. 1990-க்கு முன்பு 'உள்ளூர் வரிகள் தனி' என்று அச்சிடலாம். எவ்வளவு வரி என்று வாங்குபவருக்குத் தெரியாது, கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. அந்த ஓட்டையை அடைக்கத்தான் வரி உட்பட ஒரே விலை கட்டாயமானது. இன்று நடப்பில் இருப்பவை 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளும்.

விலையைத் திருத்தி ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்தால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பொதுவாக ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் குறைக்கலாம், ஏற்ற முடியாது. குறைத்து ஒட்டினாலும் தயாரிப்பாளர் முதலில் அச்சிட்ட விலையை அது மறைக்கக் கூடாது. ஒரே பொருளுக்கு, ஒரே அளவுக்கு, விமான நிலையத்தில் ஒரு விலை, மளிகைக் கடையில் ஒரு விலை என்று இரண்டு விதமாக அச்சிடுவதும் 2018 ஜனவரி முதல் கூடாது. ஆன்லைனில் வாங்கும்போது டெலிவரிக் கட்டணம் பில்லில் தனியாக வரலாம். பொருளின் விலை மட்டும் எம்.ஆர்.பி.யைத் தாண்டக் கூடாது.

ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது கதை வேறு. அங்கே தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேசை, இடம், பரிமாறுதல் எல்லாம் சேர்ந்த சேவை அது, வெறும் விற்பனை அல்ல என்பது வாதம். இதைத் தெரியாமல் ஓட்டல் பில்லை எடுத்துக்கொண்டு புகாருக்கு அலைவது வீண்.

அடுத்தது அளவு. முன்பு பிஸ்கட், டீத்தூள் போன்ற பல பொருட்களை விதியில் சொன்ன எடைகளில்தான் பொட்டலம் போட வேண்டும். 2022-இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. இப்போது பத்து ரூபாய் பாக்கெட் பத்து ரூபாயாகவே இருக்கும், உள்ளே கிராம் மட்டும் இளைக்கும். எடையை உள்ளபடி அச்சிட்டிருந்தால் அது குற்றமில்லை. ஈடாக வந்ததுதான் அலகு விலை: ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் ஒரு கிராம் என்ன விலை, அதற்கு மேற்பட்டதில் ஒரு கிலோ என்ன விலை என்று எம்.ஆர்.பி.யோடு அச்சிட வேண்டும். 180 கிராம் 45 ரூபாய் என்றால் கிராம் 25 காசு. பக்கத்தில் இருக்கும் 200 கிராம் பாக்கெட் 52 ரூபாய் என்றால் 26 காசு. பெரிய பாக்கெட்தான் லாபம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர்கள் இந்தப் பொடி எழுத்தைப் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்து, ஒரு கிலோ பருப்பில் பத்து கிராம் குறைகிறது என்று கொதிக்க வேண்டாம். விதியே சிறு பிசகை ஏற்கிறது. 500 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை 15 கிராம். 100 முதல் 200 கிராம் வரை நாலரை சதவீதம். ஆனால் ஒரு லாட்டில் (ஒரே தடவையில் அடைத்த தொகுப்பில்) மாதிரிகளை எடுத்துச் சராசரி பார்த்தால் அது அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. ஆகவே எல்லாப் பொட்டலத்திலும் பத்துப் பத்து கிராமாகக் குறைத்து அடைத்தால் நிறுவனம் மாட்டும். எடையளவு ஆய்வாளர் சோதிப்பது பிரிக்காத பொட்டலங்களைத்தான். நீங்கள் பிரித்துவிட்ட ஒன்று சாட்சியாகாது; பேட்ச் எண்ணையும் பேக் செய்த மாதத்தையும் குறித்துக் கொடுத்தால் அவர் கடையில் அதே லாட்டைத் தேடுவார்.

சில்லறையாக நிறுக்கும் இடத்தில்தான் பணம் அதிகம் கசிகிறது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை அரசு சரிபார்ப்பு முத்திரை, எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. முத்திரையில் ஆண்டும், காலாண்டைக் குறிக்கும் ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். சான்றிதழைக் கடையில் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். தராசுத் தகட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: அதிகபட்சம், குறைந்தபட்சம், பிரிவு (தராசு காட்டும் மிகச் சிறிய படி). 30 கிலோ வரை நிறுக்கும், 5 கிராம் பிரிவுள்ள கடைத் தராசின் குறைந்தபட்சம் 100 கிராம். அதில் ஐம்பது கிராம் ஏலக்காயை நிறுப்பது குத்துமதிப்புதான். கிராம் மூன்று ரூபாய் என்றால் ஒரு பிரிவு தள்ளினாலே பதினைந்து ரூபாய். சிறிய தராசு இருக்கும் கடையில் வாங்குங்கள், அல்லது நூறு கிராமாக வாங்குங்கள்.

ஸ்வீட் கடையில் அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுப்பது இன்னொரு பழைய வித்தை. பெட்டி 80 கிராம், இனிப்பு கிலோ 800 ரூபாய் என்றால் அட்டைக்கு 64 ரூபாய் கொடுக்கிறீர்கள். காலிப் பெட்டியைத் தட்டில் வைத்து, பூஜ்யம் ஆக்கிவிட்டு, பிறகு இனிப்பை வைக்கச் சொல்லலாம். பெட்ரோல் பங்கிலும் இப்படி ஓர் உரிமை உண்டு: முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுகலன் அங்கேயே இருக்க வேண்டும், கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 25 மில்லி வரை பிசகு ஏற்கப்படும், அதற்கு மேல் குறைந்தால் புகார்.

புகார் எங்கே? பலரும் காவல் நிலையத்துக்கோ மாநகராட்சிக்கோ போகிறார்கள். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் வேலை. தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். துறையின் டி.என்.எல்.எம்.சி.டி.எஸ். செயலியிலும் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவு கெட்டுப்போயிருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறை, அது தனி.

புகார் நிற்காமல் போவதற்கு முதல் காரணம் ரசீது இல்லாதது. ஜிபே பதிவில் தொகை மட்டும்தான் இருக்கும், எந்தப் பொருள் என்று இருக்காது. பில் தர மறுத்தால் விலை தெரியும்படி பொட்டலத்தையும் கடைப் பலகையையும் படம் எடுத்து, தேதி, நேரத்தோடு அனுப்புங்கள். இன்னொன்று: கடைக்காரர் கட்டும் அபராதம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. பணமும் இழப்பீடும் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனியாக மனுப் போட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துக்கொள்ளும் கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.