வருகைப் பதிவா, பார்வையாளர் தொகையா?

விளையாட்டரங்கு ஒன்றின் படத்தைப் போட்டு, அடியில் ‘வருகைப் பதிவு: 121,696’ என்று எழுதிவிடுகிறார்கள். மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இதை வாசித்தவுடன் வகுப்பாசிரியரின் மேசையில் கிடக்கும் வரவு இடாப்புத்தான் நினைவுக்கு வரும். பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் பார்த்து அடையாளம் இடுவது அது. மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 1970ஆம் ஆண்டு அவுஸ்திரேலியக் காற்பந்து இறுதியாட்டம் பார்த்த சனத்தை யாரும் பெயர் கூப்பிட்டு எண்ணவில்லை.

ஆங்கில மூலம் ‘ரெக்கோட் அட்டெண்டன்ஸ்’. அதில் ‘அட்டெண்டன்ஸ்’ என்ற சொல்லை முதலில் பார்ப்போம். லத்தீனில் அதன் வேருக்கு ஒன்றை நோக்கி நீளுதல், மனத்தைச் செலுத்துதல் என்று பொருள். பிரெஞ்சில் அது காத்திருத்தல் ஆனது; ஆங்கிலத்தில் கவனித்தல், கூட இருத்தல் என்று விரிந்து, கடைசியில் கூடியிருப்போரின் எண்ணிக்கையையும் குறித்தது. ‘வருதல்’ அதன் வேரிலேயே இல்லை. ‘ரெக்கோட்’ என்பதற்கு ஏட்டில் பதிவது, முந்தியதை மிஞ்சுவது என்று இரண்டு பொருள். படத்தின் அடியில் இருக்கவேண்டியது இரண்டாவது. மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ட ‘பதிவை’ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதைத் திருத்துகிறோம் என்று வந்தவர்கள் ‘சாதனை வருகை’ என்றார்கள். இது இன்னும் மோசம். வருகை என்பது தமிழில் ஒருவரைச் சிறப்பித்துச் சொல்வது. அமைச்சர் வருகை தருவார், ஆயர் வருகை தருவார். வாயிலில் நெருக்குப்பட்டு உள்ளே போகிற ஆயிரக்கணக்கானோர் ‘வருகை தருவதில்லை’. சாதனையும் ஓடியவருக்கும் பாய்ந்தவருக்கும் உரியது. படியில் குந்தியிருந்து கச்சான் கொறித்தவர் என்ன சாதித்தார்?

சரி, நம் ஊர் வழக்கில் ‘வரவு’ என்று போடலாமே என்பார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சரி. மைதானத்துக்குப் போட்டால் கணக்குப்பிள்ளை குழம்பிப் போவார். மட்டக்களப்பில் ‘வெபர் மைதானத்தில் நேற்றைய வரவு ஐயாயிரம்’ என்றால் அது டிக்கெட் காசா, தலையா? வரவு செலவுத் திட்டம் என்று ஆண்டுதோறும் கேட்கிற காது காசு என்றுதான் எடுத்துக்கொள்ளும். காசும் தலையும் ஒன்றல்ல என்பதற்குப் பிரேசிலின் மரக்கானா அரங்கே சாட்சி. 1950 உலகக் கிண்ணத்தின் கடைசி ஆட்டத்தில் பிரேசிலும் உருகுவேயும் மோதியபோது டிக்கெட் வாங்கியோர் 173,850. உள்ளே இருந்தோர் 199,854. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் 26,004 பேர் காணாமற் போவார்கள்.

பொருந்துவது ‘பார்வையாளர் தொகை’. சனத்தொகை என்று நாம் நாளும் சொல்வதோடு ஒட்டி நிற்கிறது, விளக்கமும் தேவையில்லை. மிகக் கூடிய எண்ணுக்கு ‘உச்சப் பார்வையாளர் தொகை’. டிக்கெட் கணக்கு என்றால் ‘கட்டணம் செலுத்தியோர்’ என்று தனியே எழுதவேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் வருகையை விட்டுவைக்கலாம். 2024 டிசம்பரில் அதே மெல்பேர்னில் அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் ஆடிய டெஸ்ட் போட்டிக்கு ஐந்து நாளும் சேர்த்து 373,691. ஐந்து நாளும் போன ஒருவர் அதில் ஐந்து தரம் எண்ணப்பட்டிருக்கிறார். அது ஆட்தொகை அல்ல, வந்துபோன தடவைகள். ‘மொத்த வருகை’ அங்கே செல்லும்.

பல விளையாட்டு நடக்கும் அரங்கில் இன்னொரு சிக்கல்: எந்த நிகழ்வின் உச்சம்? மெல்பேர்னில் 1970இன் எண் காற்பந்துக்கு உரியது. 2015 உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம் பார்த்தோர் 93,013. இரண்டையும் மிஞ்சுவது 143,750 என்று சொல்லப்படும் 1959இன் எண்; அது அமெரிக்கப் போதகர் பில்லி கிரகாமின் நற்செய்திக் கூட்டம், விளையாட்டே இல்லை. கூட்டம் என்றால் ஆடுகளப் புல்லிலும் ஆட்களை இருத்தலாம், ஆட்டம் என்றால் முடியாது. நிகழ்வின் பெயரும் ஆண்டும் போடாத எண் வெறும் எண்தான்.

இருக்கைக் கணக்குக்குக் ‘கொள்ளளவு’ என்று எழுதுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. கொள்ளளவு குளத்துக்கு உரியது. அம்பாறையில் சேனநாயக்க சமுத்திரத்தை ஏக்கர் அடியில் அளக்கிறார்கள், அங்கே அது பொருந்தும். மனிதரை ஊற்றி நிரப்புவதில்லை. ‘இருக்கைத் தொகை’ போதும். ‘பல்நோக்கு அரங்கு’ என்பதும் அப்படியே. பல்நோக்கு என்றால் இங்கே ப.நோ.கூ. சங்கம், அதாவது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடை. பல விளையாட்டுக்கானது ‘பல்விளையாட்டு அரங்கு’.

அரங்கா மைதானமா என்று கேட்டால், மைதானம் பாரசீக வழி வந்த சொல், தரையைக் குறிப்பது; அரங்கு படிக்கட்டும் கூரையும் சேர்ந்த முழு இடம். ‘அரங்கின்றி வட்டாடியற்றே’ என்ற குறளிலேயே (401) அரங்கு ஆட்டத்துக்கு வரைந்த களந்தான். ஆனாலும் புனித மிக்கேல் கல்லூரியின் இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கும் இடம் ஊர் வாயில் ‘வெபர் மைதானம்’. அதைத் திருத்தப் போகவேண்டாம். கொம்புமுறி ஆட்டத்தின் பெயர் இடத்துக்கு ஒட்டிக்கொண்ட ‘கொம்புச்சந்தி’யை யார் திருத்தினார்கள்?

படக்குறிப்பில் கடைசியாக வரும் தொல்லை ‘எள் விழ இடமில்லை’ என்பது. கமராவின் நீண்ட வில்லையால் (லென்ஸ்) தூரத்திலிருந்து எடுத்தால் பத்து வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று நெருங்கி, பாதி வெறுமையான படிக்கட்டும் நிறைந்து தெரியும். டிக்கெட் இல்லாத போட்டிக்கு எண் வேண்டுமானால் படியை அளந்து பாருங்கள். ஆளுக்கு 45 சென்ரிமீற்றர் வைத்தால் 30 மீற்றர் படியொன்றில் 66 பேர், எட்டுப் படியில் 528. நிற்பவர்களை நெருக்கமான இடத்தில் சதுர மீற்றருக்கு நான்கு பேருக்கு மேல் எண்ணவேண்டாம். கணக்கு எடுத்த நேரத்தையும் எழுதுங்கள்: காலை அணிநடைக்கு வந்த சனம் மாலை அஞ்சலோட்டத்துக்கு இருக்காது.