பொங்கும் அலையில் வாத்து ஏன் கரை ஒதுங்குவதில்லை?

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் பிப்ரவரியில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போய், பாறைக் கரையில் நின்று ஹார்லெகுயின் எனும் கடல் வாத்துகளைப் படம் பிடித்திருக்கிறார். படங்களோடு இரண்டு கேள்விகளும் அனுப்பியிருக்கிறார். அத்தனை அலை அடித்தும் அந்த வாத்துகள் ஏன் கரையில் வந்து ஒதுங்கவில்லை? ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தும் சில படங்கள் துல்லியமாகவும் சில கலங்கலாகவும் இருக்கின்றனவே, கேமராவில் கோளாறா?

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. கலங்கிய படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆண் வாத்தின் காதோரம் வட்டமான வெள்ளைப் புள்ளி ஒன்று உண்டு. இந்தப் படத்தில் அது மேலும் கீழுமாக இழுபட்டு முட்டை வடிவில் இருக்கிறது. பக்கவாட்டில் இழுபடவே இல்லை. அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்த ஒரு புள்ளியிலேயே இருக்கிறது.

அலை என்பது ஆற்றலின் பயணம், நீரின் பயணமல்ல என்று இடைநிலைப் பள்ளியின் படிவம் 4 இயற்பியலில் படித்திருப்பீர்கள். அப்படியானால் நீர் என்னதான் செய்கிறது? வட்டமடிக்கிறது. அலையின் உச்சியான முகடு வரும்போது கரையை நோக்கி முன்னால் போகிறது, முகடு கடந்ததும் கீழே இறங்குகிறது, இரு முகடுகளுக்கு இடைப்பட்ட பள்ளமான அகட்டில் கடலை நோக்கிப் பின்னால் வருகிறது, மறுபடி மேலே ஏறுகிறது. ஓர் அலை கடந்து முடிவதற்குள் ஒரு சுற்று முடிந்து, புறப்பட்ட இடத்துக்கே ஏறக்குறைய வந்துவிடுகிறது. பொஹீமியாவைச் சேர்ந்த கணித அறிஞர் கெர்ஸ்ட்னர் 1802-இலேயே இந்த வட்டத்தைக் கணிதமாக எழுதிவிட்டார். சுற்று முழுமையாக மூடுவதில்லை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னால் தள்ளுகிறது என்று 1847-இல் இன்னொரு கணித அறிஞரான ஸ்டோக்ஸ் காட்டினார். அந்தச் சிறு தள்ளலை வாத்து காலால் துடுப்புப் போட்டே ஈடுகட்டிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கணக்கு எளிதாக இருப்பதுதான். 1 மீட்டர் உயர அலை, 6 நொடிக்கு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அலையின் வடிவம் நொடிக்கு 9 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். நீர் சுற்றும் வட்டத்தின் விட்டமோ 1 மீட்டர்தான். அதன் சுற்றளவு 3.14 மீட்டர், அதைச் சுற்ற 6 நொடி. ஆக நீரின் வேகம் நொடிக்கு அரை மீட்டர்! அந்தப் பயங்கரமான அலையின் மேல் உட்கார்ந்திருக்கும் வாத்து, நாம் மெல்ல நடக்கும் வேகத்தில்கூட நகர்வதில்லை. கரையை நெருங்க நெருங்க வட்டம் நசுங்கி நீள்வட்டமாகும். ஆனாலும் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும் வேகம் பெரிதாக மாறாது.

இனி படத்துக்கு வருவோம். 500 மில்லிமீட்டர் லென்ஸ், வாத்து 30 மீட்டர் தூரத்தில். கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும் பிம்பம் உண்மை அளவில் 60-இல் ஒரு பங்கு. அரை மீட்டர் வேகத்தில் ஏறும் வாத்து, வாசகர் வைத்த ஷட்டர் வேகமான 1/250 நொடியில் 2 மில்லிமீட்டர் நகரும். சென்சாரில் அது 0.03 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.005 மில்லிமீட்டர் என்றால், ஏழு பிக்சல் இழுபடும். புள்ளி முட்டையானது இப்படித்தான். 1/2000 வைத்தால் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் 1/250-இல் சில படங்கள் எப்படித் துல்லியமாக வந்தன? அவை எல்லாமே வாத்து முகட்டின் உச்சியில் இருந்தபோது எடுத்தவை. ஊஞ்சல் கோடிக்குப் போனதும் ஒரு கணம் நிற்பதுபோல, முகட்டில் வாத்தின் ஏற்ற இறக்க வேகம் பூஜ்யமாகிவிடுகிறது. அந்தக் கணத்தில் அது முன்னோக்கி மட்டும் நகர்கிறது. வாசகர் அலைக்கு நேர் எதிரே நின்றதால், அந்த நகர்வு லென்ஸை நோக்கியே வந்தது. லென்ஸை நோக்கி வருவது படத்தில் இழுபடாது. தொடர் ஃபோகஸ் அதைப் பார்த்துக்கொள்ளும். அகட்டிலும் ஏற்ற இறக்கம் பூஜ்யம்தான், ஆனால் முன்னால் நிற்கும் அலை வாத்தை மறைத்துவிடும். இதே மனிதர் அலைதடுப்புச் சுவரில் ஏறிப் பக்கவாட்டிலிருந்து எடுத்திருந்தால் எல்லாமே தலைகீழ்: முகட்டில் வாத்து குறுக்கே முழு வேகத்தில் ஓடும், அங்கே எடுத்த படமும் கலங்கும். எங்கே நிற்கிறோம் என்பது விலை உயர்ந்த லென்ஸைவிட முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அலை உடையும் இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அலையின் உயரம் அங்குள்ள ஆழத்தில் ஐந்தில் நான்கு பங்கை நெருங்கும்போது, முகட்டு நீர் அலையையே முந்திக்கொண்டு கவிழ்கிறது. வட்டம் அறுந்து, நீர் நிஜமாகவே கரைக்கு ஓடுகிறது. வாத்துக்கு இது தெரியும். அலை கவிழும் சமயம் பார்த்து மூழ்கி, கொந்தளிப்புக்கு அடியில் புகுந்து, அலையின் முதுகுப்பக்கம் எழுகிறது. எப்போதும் தப்பிவிடுவதில்லை. இந்த இனத்தின் எலும்புக்கூடுகளில் முறிந்து தானே கூடிய எலும்புகள் நிறையக் காணப்பட்டிருக்கின்றன.

இந்த உடையும் கோட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கோட்டைத் தாண்டிக் கரைக்கு வந்த நீர் திரும்பிப் போயாக வேண்டும். சில இடங்களில் அது ஒரே வாய்க்காலாகத் திரண்டு கடலுக்குள் பாயும். குளிக்கப் போனவர் அதில் சிக்கி இறந்தால், 'கடல் காவு கேட்கிறது' என்று நம் மக்கள் இன்னும் பேசுகிறார்கள். கேட்கும்போது மனம் பதறுகிறது. அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும் என்று பள்ளியில் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் உயிர் மிஞ்சும்.

பினாங்கில் கடல் வாத்துகள் கிடையாது. அவை வடக்கின் குளிர்கடல்களுக்கு உரியவை. செபெராங் பிறை வயல்களில் நாம் பார்க்கும் சீழ்க்கைச் சிறகி நன்னீர்ப் பறவை. சுமத்ரா மறைத்து நிற்பதால் நம் அலைகளும் சிறியவை. ஆனால் பயிற்சிக்கு அது போதும். பினாங்கின் தஞ்சோங் பூங்கா கடற்கரையில் அலை உடையும் கோட்டுக்கு அப்பால் மிதக்கும் ஒரு வலை மிதவையைக் குறிவைத்து, 1/250-இல் முதலில் நேர் எதிரே நின்று எடுங்கள், பிறகு பக்கவாட்டில் போய் எடுங்கள். இரண்டு வரிசைகளிலும் மிதவையின் விளிம்பு எந்தத் திசையில் இழுபட்டிருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.